பாக்கியராஜின் நெஞ்சில் கேட்ட சத்தம்

திண்டுக்கல்லில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர்களுக்குள் பாக்கியராஜுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. டாக்டரப்பா. மகள் அனிஷாவுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த வாரமே அது ஒட்டிக்கொண்டது. மார்க்கெட்டில் யாருக்குத் தலை வலித்தாலும் 'டாக்டரப்பாவைக் கேளுப்பா' என்று கேலி பேசுவார்கள். அவரும் விட்டுக்கொடுக்காமல் வண்டியின் முன்பெட்டியைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து நீட்டுவார். தலைவலிக்கும் கால்வலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் அதே மாத்திரைதான்.

ஒட்டன்சத்திரம் காய்கறி, ஆயக்குடிக் கொய்யா, ஆத்தூர்ப் பக்கத்துத் தேங்காய் என்று எதுவானாலும் ஏற்றி இறக்க ஆள் வைத்துக்கொள்ள மாட்டார். தானே தூக்குவார். விலா எலும்பு தெரிகிற ஒல்லி உடம்பு. ஆனால் காய்ச்சல் என்று பாயில் படுத்தவர் இல்லை. "எனக்கு ஒரு டாக்டரும் வேணாம். எம்மக ஊருக்குத்தான் டாக்டரு" என்று பெருமையடிப்பார். இந்தப் பேச்சை அவர் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் வாய்தான் சும்மா இருக்காதே.

அனிஷா முதல் வருடத்தின் பாதியில் இருந்தபோது கொரோனா வந்தது. விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். பெட்டியும் மெத்தையும் பாடத்துக்கு வாங்கிய மனித எலும்புகள் அடங்கிய ஒரு சாக்குமாக மகளைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்தவர் பாக்கியராஜ்தான். எலும்புச் சாக்கைப் பார்த்து மனைவி இஞ்ஞாசியம்மாள் வீட்டுக்குள் விடமாட்டேன் என்றாள். "யாரு பெத்த புள்ளையோ, வாசல்ல போடாத" என்று பாக்கியராஜ் சமாதானம் செய்து, மாடிப்படிக்கு அடியில் இடம் ஒதுக்கி, மேலே ஒரு ஜெபமாலையையும் மாட்டிவைத்தார்.

அப்புறம் மொட்டை மாடியே கல்லூரியாகிவிட்டது. தண்ணீர்த்தொட்டி நிழலில்தான் சிக்னல் எடுக்கும். அனிஷா அங்கே நாற்காலி போட்டு, செல்போனைத் தொட்டியின் குழாயில் சாய்த்துவைத்துப் பாடம் கேட்பாள். பாக்கியராஜ் லோடு முடித்து வந்ததும் காப்பித் தம்ளரோடு பூனை மாதிரி மாடியேறுவார். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள், எல்லாமே கறுப்பு. ஒரு கட்டத்தில் மட்டும் சார் பேசிக்கொண்டிருப்பார்.

"என்ன தாயி, அம்புட்டுப் பேரும் இருட்டுல ஒக்காந்திருக்காங்க?"

"கேமராவ ஆஃப் பண்ணியிருக்காங்கப்பா. பாதிப் பேரு தூங்குறாங்க."

"சாருக்குத் தெரியாதா?"

"அவரும் தனியாப் பேசுறாருப்பா. பாவம்."

பாடம் முடிந்ததும் பிள்ளைகள் தங்களுக்குள் போனில் சண்டை போடுவார்கள். அனிஷா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரிப்பாள். பாக்கியராஜுக்கு அது நாடகம் கேட்கிற மாதிரி. பேகம்பூர் அக்மலுக்கு இந்த ஆன்லைன் பாடம் கண்ணில் காட்டக்கூடாது. வீட்டில் ஒரே போன், அதற்கு நாலு தம்பி தங்கைகள் போட்டி. "போன்ல தாலாட்டுப் பாடுனாக் கொழந்தை தூங்கிரும். ஊசி போட முடியுமா?" என்பான். அறிவுச்செல்வி அப்படியே எதிர்க்கட்சி. "கிளாஸ்ல ஒருக்காச் சொல்றத இங்க பத்து வாட்டி ரிவைண்ட் பண்ணிக் கேக்குறேன். கடைசி பெஞ்சுல எனக்கு என்னைக்குடா காது கேட்டுச்சு?" என்பாள். அனிஷா இரண்டு பக்கமும் பேசுவாள். ஆனால் உள்ளூர அவளுக்கு வீடு பிடித்திருந்தது. அம்மாவின் சாப்பாடு, அப்பாவின் காப்பி, விடுதியின் மூட்டைப்பூச்சி இல்லாத தூக்கம். பாக்கியராஜுக்கோ சொல்லவே வேண்டாம். ஊர் உலகம் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்த அந்தக் காலம் தன் வாழ்க்கையிலேயே நல்ல காலமாக இருந்ததே என்று பிறகு நினைத்து அவர் வெட்கப்பட்டிருக்கிறார்.

இரண்டாம் வருடத்தில் நோயாளியைத் தொட்டுப் படிக்கிற பாடம் தொடங்க வேண்டும். வார்டெல்லாம் கொரோனா. மாணவர்களை யார் உள்ளே விடுவார்கள்? அதுவும் திரையிலேயே நடந்தது. இதயப் பாடம் எடுத்த சார் நல்ல மனிதர். பொம்மை நெஞ்சு ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு, எங்கெங்கே ஸ்டெத் வைக்க வேண்டும் என்று வட்டம் போட்டுக் காட்டினார். கடைசியில் சொன்னார்: "வீட்ல ஆரோக்கியமா இருக்குற ஒருத்தர வச்சு தினமும் கேட்டுப் பழகுங்க. நார்மல் காதுல ஏறிட்டாத்தான் அப்நார்மல் வந்தாப் புரியும்."

அன்று மாலை பாக்கியராஜ் வண்டியை நிறுத்தி, கொல்லைப்புறத்தில் டெட்டால் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தபோது, வராந்தாவில் நாற்காலி போட்டுத் தயாராக இருந்தது.

"சட்டை போடாதீங்கப்பா. ஒக்காருங்க. வீட்லயே ஆரோக்கியமான ஆளு நீங்கதான்."

அவருக்குக் கூச்சம். மகள் வயசுக்கு வந்தபின் அவள் முன் சட்டையில்லாமல் உட்கார்ந்ததில்லை. ஆனால் அவள் முகத்தில் இருந்தது மகள் முகமே இல்லை. டாக்டர் முகம். நெஞ்சின் வலப்பக்கம் மேலே ஸ்டெத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, சுவரில் தொங்கிய திருஇருதய ஆண்டவர் படத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"என்ன தாயி, நார்மலா?"

"நார்மல்ப்பா."

அதற்குப்பின் அது அவர்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. மாலை ஜெபத்துக்கு முன்னால் ஸ்டெத். அவர் கேட்பார், அவள் சொல்வாள். கேள்வியும் மாறாது, பதிலும் மாறாது. இஞ்ஞாசியம்மாள் ஒருநாள் தனக்கும் வைத்துப் பார்க்கச் சொன்னாள்.

"உங்களுக்குச் சதை அதிகம்மா, ஒண்ணும் கேக்காது. எனக்கு வச்சுப் பாத்தேன், லேசா லப்டப்புன்னு மட்டும் வருது. அப்பாவுக்குத்தான் அருமையாக் கேக்குது. லப்புக்கும் டப்புக்கும் நடுவுல உஸ்ஸுன்னு ரத்தம் ஓடுற சத்தம்கூடக் கேக்குது."

"அது ஏன் அவருக்கு மட்டும்?"

"அப்பா ஒல்லி. அதான்."

ஆனாலும் அவளுக்கு ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. அடுத்த வகுப்பில் சார் நல்ல இதயத்தின் சத்தத்தைப் போட்டுக் காட்டினார். போனில் அது டக் டக் என்று கதவு தட்டுகிற மாதிரி வந்தது. நோயுள்ள இதயங்களின் சத்தத்தையும் போட்டார். எல்லாமே இரைச்சலாகத்தான் வந்தன. அனிஷா எழுதிக் கேட்டாள், ஒல்லியானவர்களுக்கு ரத்தம் ஓடும் சத்தம் கேட்குமா என்று. ஒல்லியானவர்களுக்குச் சில சமயம் கேட்கலாம், பயப்பட வேண்டாம் என்று பதில் வந்தது. சாரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் எதிரே பாக்கியராஜ் சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கவில்லை. எதிரே இருந்ததெல்லாம் கறுப்புக் கட்டங்கள்.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. அந்தச் சத்தத்தையே கேட்டுக் கேட்டு, மனிதனின் நல்ல இதயம் இப்படித்தான் பேசும் என்று அனிஷாவின் காது படித்துக்கொண்டது.

கல்லூரி திறந்தபோது பாக்கியராஜ்தான் மறுபடியும் கொண்டுபோய் விட்டார். அனிஷாவின் குழுவுக்கு முதலில் கண், காது, தோல் என்று சின்னச் சின்ன வார்டுகள். நெஞ்சும் வயிறும் பார்க்கிற மெடிசின் வார்டு கடைசியில்தான் வரும் என்றாள். வீடு வெறிச்சென்று போனது. மாலையில் குளித்துவிட்டு வந்தால் சட்டையைப் போடலாமா வேண்டாமா என்று கை ஒரு கணம் தயங்கும்.

அந்த வருடம் கொய்யா சீசனில் ஆயக்குடி முத்துச்சாமியின் தோப்பில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். பழம் நிரம்பிய பிளாஸ்டிக் டிரேயைத் தோளில் ஏற்றி நாலு எட்டு வைத்ததும் கண் இருட்டியது. கண் விழித்தபோது சுற்றிலும் கொய்யாப்பழங்கள் சிதறிக் கிடந்தன. முத்துச்சாமி முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க பாக்கியண்ணா, என்னுங்க பண்ணுது? பேச்சுமூச்சில்லாமப் போயிட்டீங்களே."

"ஒண்ணுமில்ல அப்பு. காலைல சாப்டல."

முத்துச்சாமி அதை நம்பவில்லை. பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பழனியில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோய்விட்டார். நரைத்த மீசை வைத்த டாக்டர். கேள்வியே கேட்காமல் முதலில் ஸ்டெத்தை வைத்தார். வைத்த மாத்திரத்தில் நிமிர்ந்து பார்த்தார்.

"எவ்வளவு நாளா இருக்குதுங்க இது?"

"எது சார்?"

"நெஞ்சுல இந்தச் சத்தம். வால்வு சுருங்கிப் போயிருக்குதுங்க. கதவு பாதிக்கு மேல தெறக்க மாட்டேங்குது, அந்தச் சந்துல ரத்தம் பீச்சுற சத்தமுங்க இது. இதுக்கு முன்னாடி யாராச்சும் ஸ்டெத் வச்சுப் பாத்திருக்காங்களா?"

பாக்கியராஜ் வாயைத் திறந்தார். வராந்தா நாற்காலியும் கண்ணை மூடிய அந்த டாக்டர் முகமும் நினைவுக்கு வந்தன.

"இல்லைங்க சார். யாரும் வச்சதில்ல."

"அதானே. வச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும். இம்புட்டுச் சத்தம் டாக்டருக்குப் படிக்கிற பையனுக்கே கேட்டிருக்கும்."

அந்த வார்த்தை அவரை அடித்த மாதிரி அந்த மயக்கம்கூட அடிக்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். ஆப்பரேஷன் செய்து வால்வை மாற்ற வேண்டும், தள்ளிப்போடாதீர்கள், பாரம் தூக்காதீர்கள் என்றார் டாக்டர். பாக்கியராஜ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. தாயி, நீ கேட்டியே, தினமும் கேட்டியே என்று மனசுக்குள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மகளை அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோது ஒருநாள் வெளிக்கேட்டைச் சாத்த மறந்துவிட்டாள். வீட்டு நாய் ரோட்டுக்கு ஓடி பஸ்ஸில் அடிபட்டது. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் அவள் நாள்கணக்கில் சாப்பிடாமல் கிடந்தாள். அதற்குப்பின் இன்றுவரை அந்தக் கேட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் படுக்க மாட்டாள். நாய்க்கே அப்படி என்றால் அப்பனுக்கு? புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிடுவாள். இனி ஒரு மனிதன் நெஞ்சிலும் அவள் கை வைக்க மாட்டாள்.

ஆகவே பாக்கியராஜ் ஒரு முடிவுக்கு வந்தார். அவள் படித்து முடிக்கட்டும். பேருக்குப் பின்னால் எழுத்து வரட்டும். அதற்குப்பின் திடீரென்று நெஞ்சு வலித்த மாதிரி நடித்து ஆஸ்பத்திரிக்குப் போனால் போயிற்று, இது புதிதாக வந்த நோய் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். இதை அவர் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தார். இதைவிட ஒரு முட்டாள்தனத்தை அவர் ஆயுசில் செய்ததில்லை. ஆனால் அந்த முட்டாள்தனத்தைச் செய்யாத தகப்பன் எத்தனை பேர் இருப்பார்கள் என்றும் எனக்குத் தெரியவில்லை.

இஞ்ஞாசியம்மாளிடம் முதுகுப் பிடிப்பு என்றார். ஸ்கேன் தாளை வண்டி சீட்டுக்கு அடியில் செருகினார். லோடு தூக்க ஆள் வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக. டாக்டரப்பாவுக்கு வயசாகிவிட்டது என்று மார்க்கெட்டில் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மாடியேறினால் பாதியில் நின்று, செடியைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொள்வார்.

கிறிஸ்துமஸுக்கு அனிஷா வந்தாள். குடில் ஜோடிக்கிற வேலையெல்லாம் முடிந்தபின், பழைய வழக்கமாக நாற்காலியை வராந்தாவில் போட்டாள். கழுத்தில் ஸ்டெத்.

"வாங்கப்பா. ரொம்ப நாளாச்சு."

"இப்பத்தான் சாப்ட்டேன் தாயி."

"சாப்ட்டா என்ன?"

"குளுருதும்மா. நாளைக்குப் பாக்கலாம்."

நாளைக்கும் பிடி கொடுக்கவில்லை. மூன்றாவது நாள் அவள் கேட்டபோது, "எப்பப் பாத்தாலும் இதே வேலையா? மனுசனச் செத்த நேரம் நிம்மதியா இருக்க விடுறியா?" என்று கத்திவிட்டார். அவர் அவளிடம் குரலை உயர்த்தியதே இல்லை. அனிஷா ஸ்டெத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். அவள் கண் கலங்கியதை அவர் பார்த்தார். பாவி மனுசன், பார்த்தும் மென்று விழுங்கிக்கொண்டு வெளியே போய் வண்டியைத் துடைத்தார்.

பொங்கல் முடிந்து சில வாரம் கழித்து, செம்பட்டியில் டீ குடிக்க நிறுத்தியிருந்தபோது போனில் அனிஷா அனுப்பிய ஒரு வீடியோ வந்தது. கல்லூரியில் ஒரு கூட்டம். இனிமேலும் ஆன்லைன் பாடம் வேண்டுமா, நேரில் நடத்தும் பாடம் மட்டும் போதுமா என்று மாணவர்களைப் பேசச் சொல்லியிருந்தார்கள். அக்மல் பேசி ஒரே சிரிப்பு. அறிவுச்செல்வி பேசினாள். அதற்கப்புறம் அனிஷா மேடையேறினாள். பாக்கியராஜ் வண்டியின் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனை முகத்தருகே வைத்துக்கொண்டார்.

"வார்டு இல்லாம கிளினிக்ஸ் படிக்க முடியாதுன்னு சொல்றாங்க. நான் படிச்சேன். எங்க வீட்டு வராந்தாதான் எனக்கு வார்டு. எங்கப்பாதான் என் முதல் பேஷண்ட். தினமும் லோடு எறக்கிட்டு வந்து, அலுப்புப் பாக்காம எனக்காக ஒக்காருவாரு. ஒரு நார்மல் ஹார்ட் எப்படி இருக்கும்னு என்னைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அது எந்த கிளாஸ்ரூம்லயும் எனக்குக் கிடைச்சிருக்காது."

கைதட்டல் போனுக்குள் கரகரவென்று கேட்டது. அவள் கீழே இறங்கும்போது சிரித்துக்கொண்டே கேமராவைப் பார்த்துக் கையசைத்தாள். அது அவருக்காக. பாக்கியராஜ் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். டீக்கடைக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, என்னண்ணே என்று கேட்டார். மகள் பேசினாள், சந்தோஷம் என்று சொன்னார்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியபோது அவரால் சரியாகப் படுக்க முடியவில்லை. நாலு தலையணை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்கினார். கால் வீங்கியது. மெடிசின் வார்டு ஆரம்பித்துவிட்டதாக அனிஷா போனில் சொன்னாள். நெஞ்சு பார்க்கிற வார்டு. "நல்லாப் படி தாயி" என்று மட்டும் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். கோயிலில் சிலுவைப் பாதை ஜெபத்துக்குப் போக வேட்டி கட்டிக்கொண்டிருந்தார். வெளிக்கேட்டு திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அனிஷா. வார்டுக்குப் போடுகிற வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறி வந்திருக்கிறாள். கேட்டு அகலத் திறந்தபடியே கிடந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதிலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"சட்டையக் கழட்டுங்கப்பா."

"என்னம்மா, சொல்லாமக்கொள்ளாம..."

"கழட்டுங்க."

இஞ்ஞாசியம்மாள் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். பாக்கியராஜ் பொத்தான்களைக் கழற்றினார். அனிஷா ஸ்டெத்தை வைத்தாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"காலைல ஒரு தாத்தாவோட நெஞ்சைக் கேட்டுட்டு எல்லார் முன்னாடியும் நார்மல்னு சொன்னேன்ப்பா. வார்டு சீஃப் திட்டல. பக்கத்துப் பெட்டுல இருந்தவரக் காட்டி இதக் கேளுன்னாரு. வெறும் லப்டப். அடுத்த பெட். அங்கயும் வெறும் லப்டப். அந்தத் தாத்தாவுக்கு மட்டுந்தான் ஒங்க சத்தம் இருந்துச்சு."

பாக்கியராஜ் தரையைப் பார்த்தார்.

"நீங்க ஏன் அதிர்ச்சியாகல?" அனிஷாவின் குரல் தாழ்ந்தது. "ஒங்களுக்குத் தெரியும். அதான் கிறிஸ்துமஸுக்குக் காட்டல."

மேற்கொண்டு மறைக்க முடியவில்லை. ஆயக்குடியில் விழுந்ததையும், பழனி டாக்டர் சொன்னதையும், சீட்டுக்கு அடியில் இருக்கிற தாளையும் சொன்னார். இஞ்ஞாசியம்மாள் "அடப்பாவி மனுசா" என்று சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஒனக்குத் தெரிஞ்சாப் படிப்ப விட்டுருவ தாயி. அதுக்காகத்தான்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் செஞ்சது வெறும் தப்பாப் போயிருக்கும்ப்பா. திருத்தியிருக்கலாம். இப்ப இத்தன மாசமும் என் தலையில ஏறிருச்சே. இத நான் எங்க கொண்டுபோய் எறக்குவேன்?"

அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தான் செய்ததெல்லாம் அவள் தோளில்தான் பாரமாக ஏறியிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு மூன்று பேரும் சிலுவைப் பாதைக்குப் போகவில்லை.

அவள் படிக்கிற கல்லூரியின் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வால்வை மாற்றலாம், ஆனால் இதயத் தசை ரொம்பத் தளர்ந்துவிட்டது, ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் தைரியமாகச் சொல்லியிருப்போம் என்றார் பெரிய டாக்டர். இப்போது பாதிக்குப் பாதி என்றுகூடச் சொல்ல முடியாது. செய்யாமல் விட்டால் அதுவும் இல்லை. அனிஷா அந்த வார்த்தைகளைக் கைகட்டி நின்று கேட்டாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் பாக்கியராஜுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆப்பரேஷனுக்கு முதல் நாள் காலை, மெடிசின் வார்டு சீஃப் வந்து கட்டிலருகே நின்றார். கூடவே வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள்.

"ஐயா, ஒங்க நெஞ்சுச் சத்தத்தப் பசங்க கேட்டுப் படிக்கலாமா? இஷ்டம் இல்லேன்னா வேண்டாம்."

பாக்கியராஜ் பிள்ளைகளைப் பார்த்தார். மொட்டை மாடியில் கறுப்புக் கட்டங்களாக அவர் பார்த்தவர்கள். எல்லோருக்கும் இப்போது முகம் இருந்தது. பாதிப் பேருக்குத் தூக்கம் போதாத முகம்.

"கேக்கட்டும் சார். நல்லாக் கேக்கட்டும்" என்று தானே சட்டையைக் கழற்றினார்.

ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் "கேக்குதா? நடுவுல உஸ்ஸுன்னு வருதா? அவசரப்படாமக் கேளுங்க" என்றார். அறிவுச்செல்விக்கு முதலில் சரியாகப் பிடிபடவில்லை. இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். வீடியோவில் பார்த்த முகத்தை வைத்தே அடுத்தவன் அக்மல் என்று கண்டுபிடித்தார். இத்தனை நாள் வாயாடிய பையன், ஸ்டெத்தை எடுத்தபின் அவர் காலைத் தொட்டுவிட்டு நகர்ந்தான்.

வரிசை முடிந்தது. அனிஷா கதவோரமே நின்றாள். சீஃப் அவளைப் பார்த்தார், கூப்பிடவில்லை. மற்ற பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"நீ கேக்கலயா தாயி?"

அவள் வந்தாள். வராந்தாவில் வைத்த அதே இடத்தில், வலப்பக்கம் மேலே, ஸ்டெத்தை வைத்தாள். சுவரில் பார்க்கப் படம் எதுவும் இல்லாததால் அவர் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கேட்டாள். அவருக்குப் பழைய கேள்வி தானாக வாயில் வந்துவிட்டது.

"என்ன தாயி, நார்மலா?"

"இல்லப்பா."

அவர் தலையை ஆட்டினார். "சரி. எடுத்துக்க. குளுருது" என்றார்.

அவள் எடுக்கவில்லை.

"நாளைக்கு நல்லபடியா முடிஞ்சாலும் புது வால்வோட சத்தம் வேறப்பா. முடியலேன்னாலும்..." ஸ்டெத்தை இன்னும் அழுத்தி வைத்தாள். "இந்தச் சத்தத்த இனிமே கேக்க முடியாது. இன்னும் செத்த நேரம் கேட்டுக்கிறேன்."

பாக்கியராஜ் குளிரைப் பொறுத்துக்கொண்டு, வராந்தா நாற்காலியில் உட்கார்ந்த மாதிரியே, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.